அண்ணாச்சி பதில்கள்: வடக்கு புரண்ட கதை

கோவில்பட்டி வாசகர்: பூமியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறியது நிஜமா, அண்ணாச்சி?

நிஜம். ஒரு தடவையல்ல, பல நூறு தடவை. கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். கட்சி தாவுவதில் பூமிதான் சீனியர்.

எட்டயபுரம் வாசகர்: பார்த்த சாட்சி யார்?

கல். எரிமலைக் குழம்பு ஆறி 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அதிலுள்ள மாக்னடைட் அன்றைய காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். பாகு இறுகினால் மிட்டாயில் கடலை கிடந்தபடியே கிடக்குமே, அதுபோல. 1906-ல் பிரான்சில் பெர்னார் புரூன் தலைகீழ்க் காந்தத்தைக் கண்டது இப்படித்தான்.

விளாத்திகுளம் வாசகர்: நம்ம கரிசலும் எரிமலை மண்தானே? தோண்டிப் பார்க்கலாமா?

அது மகாராஷ்டிரக் கரிசல். நம்முடையது பெரும்பாலும் நைஸ் பாறை பொடிந்து வந்தது. போதாக்குறைக்கு, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மேல்மண்ணை உள்ளே விழுங்கி, மழைக்கு மூடிக்கொள்ளும். சாட்சியையே புரட்டிப்போடும் நிலம்! பருத்தி கேளுங்கள், தரும்.

கழுகுமலை வாசகர்: இந்தியாவில் சாட்சிக் கல் எங்கே?

மகாபலேஷ்வர் மலையில். சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழைய தக்காணக் குழம்பு. கீழடுக்குகளில் காந்தம் தலைகீழ், மேலடுக்குகளில் இன்றுபோல் நேர். 1950-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிளெக் குழு தக்காணக் கற்களை அளந்தபோது இன்னொரு குட்டும் உடைந்தது: அன்று இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிடந்திருக்கிறது. டெல்லிக்காரரும் ஒருகாலத்தில் தெற்கத்தி ஆள்தான்!

சாத்தூர் வாசகர்: துருவம் போன பாதையை எப்படி வரைகிறார்கள்?

அடுக்குக்கு இரண்டு கோணம்: காந்தம் எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு சாய்ந்தது. அதிலிருந்து துருவத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகளைக் கோத்தால் பாதை. ஆனால் புரளும் நேரத்தில் காந்தம் மெலிந்து, ஊருக்கொரு துருவம் முளைக்கும். நாட்டுக்கு நாடு கல் வேறு வழி சொல்லும். சாட்சிகள் முரண்பட்டால் என்ன? வாய்தாதான்.

கயத்தாறு வாசகர்: ராத்திரியோடு ராத்திரியாகப் புரண்டுவிட்டால்?

நிம்மதியாகத் தூங்கும். சில ஆயிரம் ஆண்டாகும். பட்டா மாறுதலுக்கு அலைந்தவருக்கு இதெல்லாம் ஒரு காலமா?

கடம்பூர் வாசகர்: நம்ம சீமைக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. துருவத்தில் செங்குத்தாக நிற்கும் காந்தமுள் இங்கே ஏறக்குறையப் படுத்துவிடும். அதனால்தான் திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம். நம்ம வெயிலில் முள் மட்டும் நிற்குமா?

ஓட்டப்பிடாரம் வாசகர்: வடக்குப் பார்த்து வாசல் வைத்தேன். துருவம் நகர்ந்தால் வாஸ்து?

1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவில் கண்ட வட காந்தத் துருவம், இப்போது சைபீரியா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 கி.மீ. வேகம். வாசலை நகர்த்த வேண்டாம், வாஸ்துக்காரரை நகர்த்தும்.