கண்ணாடிப் பெட்டியா, கச்சேரி மேடையா?

1959-ல் செய்த கிப்சன் லெஸ் பால் கிட்டார் வீட்டில் இருந்தால் தூக்கம் போச்சு. மேடைக்குக் கொண்டுபோனால் வியர்வையில் வார்னிஷ் போகும், விமானத்தில் கழுத்து ஒடியும், இன்ஷூரன்ஸ்காரர் முறைப்பார். கட்டிலுக்கடியில் வைத்தாலோ வாங்கியதே வீண். கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட்டுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பீட்டர் கிரீனும் கேரி மூரும் வாசித்த அப்படியொரு கிட்டாரான 'கிரீனி'யை மெட்டாலிக்கா குழுவின் கச்சேரிகளில் போட்டு வெளுக்கிறார். பாடகர் வில்லி நெல்சன் தன் பழைய மார்ட்டின் கிட்டாரை வாசித்து வாசித்து, துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளையே போட்டுவிட்டார்.

பத்திரமாக வைத்த கதையும் உண்டு. மார்ட்டின் அருங்காட்சியகம் 1870களின் கிட்டார் ஒன்றை 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படப்பிடிப்புக்குக் கடன் கொடுத்தது. நகல் என்று நினைத்து நடிகர் கர்ட் ரஸ்ஸல் அதைச் சுக்குநூறாக்கினார். பேசாமல் ஒரு பாட்டுக்காரரிடம் கொடுத்திருக்கலாம்.