தாத்தாவின் பத்மினி

கேள்வி: தாத்தாவின் 1978 பிரீமியர் பத்மினி கொட்டகையில் கிடக்கிறது. வேறு இன்ஜின், ஏசி எல்லாம் போட்டு மலையில் ஓட்ட ஆசை. முடியுமா?
– ஒரு வாசகர், தலைச்சோலை, ஏற்காடு

பதில்: தாராளமாக ஓட்டலாம். ஆனால் ஓட வைப்பதற்கு முன் நிற்க வையுங்கள்! நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சேலத்துக்கு இறங்கும் பாதையிலோ 20 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் பிடிக்காமல் போகும். வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர்தான் உங்கள் குலதெய்வம்.

அடுத்தது துரு. கால்மிதியைத் தூக்கிவிட்டு, தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் பெயின்டரைத் தேடாதீர்கள், வெல்டரைத் தேடுங்கள்.

1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கலவையில் பெட்ரோல் விகிதம் கூடிவிடும். கார்புரேட்டரை ஏற்காட்டிலேயே ட்யூன் செய்யுங்கள். 1,089 சிசி இன்ஜின் தலையில் ஏசியை ஏற்றாதீர்கள். கண்ணாடியை இறக்கினால் சேர்வராயன் மலைக்காற்று இலவசம்!

இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் தந்த வடிவமைப்பிலிருந்து வண்டி விலகக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டி விண்டேஜ் பதிவு பெறலாம்; சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. உங்கள் பத்மினிக்கு 2028-இல் ஐம்பது. அதனால் பழைய இன்ஜினையே பிரித்துச் சரிசெய்யுங்கள்.