குடை பிடித்த மேயரும் கடை அடைத்த ஊரும்

மாரண்டஹள்ளிக்கு மேயர் கிடையாது. பாலக்கோடு தாலுகாவில் நாங்கள் ஒரு பேரூராட்சி. தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, வார்டுக்கு ஒரு உறுப்பினர் உண்டு, அவ்வளவுதான். மேயர் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ரயில் பிடித்து சேலம் போக வேண்டும். ஆனால் எந்த ஊரில் எந்த மேயர் பதவியேற்றுப் பேசினாலும் எங்கள் டீக்கடையில் அதற்கு மறுப்புரை உண்டு. கருத்துச் சொல்ல வாக்காளர் அட்டை எதற்கு?

அப்படி ஒரு பேச்சு செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது. நகரத்தின் முகத்தையே மாற்றப் போகிறேன் என்கிற வகையறா. தக்காளி மண்டிக்குப் போகக் கிளம்பிய மாமா ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "எவ்ளோ ஏத்தறாங்களாம்?"

"என்னத்த மாமா?"

"வீட்டு வரியத்தான்."

அந்தப் பேச்சில் வரி என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் மாமா சரித்திரத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். தமிழ்நாட்டில் மேயர் என்ற பதவி பிறந்ததே வரி கட்ட மறுத்த ஜனங்களால்தான். நம்பாதவர்கள் மெட்ராஸ் கதையைக் கேட்கலாம். மாமாவும் கேட்டார், மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் ஒரு மணல்திட்டை வாங்கிக் கோட்டை கட்டியது. கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள், வெளியே வடக்கில் கருப்பர் நகரம். நெசவாளர்கள், துணிக்குச் சாயம் எழுதுகிறவர்கள், வண்ணார், தரகர், துபாஷி என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ந்தால் குப்பை சேரும். 1678-இல் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், தெருவைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரி போட்டுப் பார்த்தார். குப்பையைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை, காசைப் பற்றித்தான்.

அடுத்து கவர்னர் கிஃபோர்ட் காலம். கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்ட வேண்டும், செலவை அங்கே குடியிருப்பவர்களே ஏற்க வேண்டும் என்று லண்டனிலிருந்து உத்தரவு. நியாயமாகத்தான் இருக்கிறது: உன் வீட்டுக்கு வேலி, நீ காசு கொடு. ஆனால் வேலி போடச் சொன்னவன் சரக்கு கோட்டைக்குள் இருக்கிறதே என்று ஊருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1686 ஜனவரியில் கருப்பர் நகரம் கடையை அடைத்துவிட்டது. சந்தை காலி. கவர்னருக்குக் காய்கறி வரவில்லை என்றால் அரசியல் நெருக்கடி எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தக்காளி ஒரு நாள் வராவிட்டால் பெங்களூரு என்ன பாடுபடும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அடங்காவிட்டால் வீடுகளை இடிப்போம், ஊரைவிட்டே துரத்துவோம் என்று கம்பெனி மிரட்டியது. ஊர்ப் பெரியவர்கள் சரி என்றார்கள். சரி என்பது வேறு, கட்டுவது வேறு. இந்த வித்தியாசம் வெள்ளைக்காரனுக்குப் பிடிபடவே இல்லை.

இந்த இடத்தில்தான் லண்டனில் உட்கார்ந்திருந்த சர் ஜோசையா சைல்டுக்கு ஞானம் பிறந்தது. கம்பெனியின் முடிசூடா ராஜா அவர். மெட்ராஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனால்தான் மெட்ராஸைப் பற்றி அவருக்கு அத்தனை தெளிவான கருத்துகள் இருந்தன. நாம் அதிகாரம் செய்து ஆறு பென்ஸ் கேட்டால் இந்த ஜனங்கள் முரண்டு பிடிப்பார்கள், அவர்களே கூடி அவர்களுக்கே வரி போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கைச் சந்தோஷமாகத் தருவார்கள் என்று கம்பெனியின் கடிதம் கணக்குப் போட்டது. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அதாவது பத்து மடங்கு.

மாமாவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. "நம்ம கையால நம்ம கன்னத்துல அறைஞ்சிக்கிட்டா வலிக்காதுங்கறான்."

அதேதான். அந்தக் கைக்குப் போட்ட கையுறைதான் மாநகராட்சி.

மன்னர் இரண்டாம் ஜேம்ஸிடம் விவகாரம் போனது. சாசனத்தை ராஜாவே நேரடியாகக் கொடுப்பதா, கம்பெனி தன் முத்திரையில் கொடுப்பதா என்று பேச்சு வந்தது. கம்பெனி தரப்பு பணிவாக ஒரு யோசனை சொன்னது: ராஜாவே பதவி கொடுத்தால் அங்கிருப்பவர்களுக்குத் தலைக்குள் கௌரவக் காற்று ஏறிவிடும், பிறகு அவர்களை அடக்க முடியாமல் நாங்களே பதவியைப் பறிக்க வேண்டியிருக்கும். எந்தக் கட்சித் தலைமையும் மாவட்டச் செயலாளரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆக 1687 டிசம்பர் 30 தேதியிட்டு, கம்பெனி முத்திரையோடு சாசனம் வந்தது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மேன்கள் (அதாவது மூத்த மன்ற உறுப்பினர்கள்), அறுபதுக்குக் குறையாத நகரப் பிரதிநிதிகள். தேர்தல் என்ற சிரமமெல்லாம் முதல் தடவை யாருக்கும் கொடுக்கவில்லை. பெயர்ப் பட்டியலைத் தயாராகவே அனுப்பிவிட்டார்கள்.

சாசனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உடுப்புப் பகுதி. ஆல்டர்மேன்களுக்குக் கருஞ்சிவப்பில் கம்பளித் துணி அங்கி, எல்லாம் ஒரே தையல். மற்ற பிரதிநிதிகளுக்கு வெள்ளைச் சீனப் பட்டு. முன்னால் தூக்கிப் போக வெள்ளியில் பொன்முலாம் பூசிய இரண்டு செங்கோல்கள், மூன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. வெளியே நடந்தால் தலைக்குமேல் குடை பிடிக்க உரிமை. குதிரையில் போனால் லண்டன் மேயர் போகிற அதே ஒழுங்கில், சேணம் கடிவாளம் எல்லாம் ஒரே மாதிரியாக. வடிகால் எத்தனை அடி ஆழம் என்று யாரும் எழுதவில்லை, செங்கோல் எத்தனை அடி என்று எழுதிவிட்டார்கள். நம் உள்ளாட்சிக்கு அன்றே அஸ்திவாரம் பலமாக விழுந்தது.

குடை ஒன்றும் சின்ன விஷயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே கண்டவரும் குடை பிடித்துக்கொண்டு தெருவில் போய்விட முடியாது. அது அந்தஸ்து. இன்றைக்கு காரில் கொடி கட்டிக்கொள்வதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. சைல்ட் ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தார். வரி வசூலிக்கச் சம்பளம் கொடுத்தால் கட்டுப்படியாகாது, குடை கொடுத்தால் போதும்.

1688 செப்டம்பர் 29, சனிக்கிழமை. புரட்டாசி வெயில். கோட்டையில் எல்லோரும் கூடினார்கள். கவர்னர் எலிஹு யேல் முன்னிலையில் சாசனம் வாசிக்கப்பட்டது, உறுதிமொழி எடுக்கப்பட்டது, சாப்பாடு நடந்தது. நான்கு மணி வாக்கில் செங்கோல் முன்னே போக, மேயர் பின்னே போக, கம்பளியும் பட்டுமாக ஊர்வலம். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் கம்பளி அங்கி! நகரத்துக்காக வியர்வை சிந்திய முதல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இவர்கள்தான். இதில் மிகை எதுவும் இல்லை.

முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். கவர்னர் யேல் பிறந்தது பாஸ்டன். மேயர் பிறந்தது கனெக்டிகட், படித்தது ஹார்வர்ட். ஆக மெட்ராஸின் முதல் மேயரும் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்வித்தவரும் அமெரிக்க மண்ணில் பிறந்த ஆட்கள். நம் பிள்ளைகள் அங்கே போய் கவுன்சிலராகிற செய்தியை வாட்ஸப்பில் ஊரே கொண்டாடுகிறோம். அவர்கள் அதை எப்போதோ இங்கே வந்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர், போர்ச்சுக்கீசியர், யூத வணிகர் எல்லாம் இருந்தார்கள். சின்ன வேங்கடாத்ரி போன்ற நம் ஊர்ப் பெரிய வியாபாரிகளும் இருந்தார்கள். எல்லாச் சாதிக்கும் ஒரு சீட்டு என்ற கணக்கு அன்றைக்கே துல்லியம்.

மேயர் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்யச் சிரமமே இல்லை, செய்ய வேண்டிய வேலைகளைச் சாசனமே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. நகர மண்டபம் கட்டுவோம். சிறைச்சாலை கட்டுவோம். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்க, கணக்குப் போடப் பள்ளிக்கூடம் வைப்போம். சாலை போடுவோம், சாக்கடை வெட்டுவோம். இதற்கெல்லாம் ஆகும் செலவை அன்பார்ந்த பெருமக்களாகிய நீங்களே...

கூட்டத்தின் பின்வரிசையில் துணிக்குச் சாயம் எழுதுகிற ஒருவர் நின்றிருந்தால், பக்கத்து ஆளிடம் இப்படிக் கேட்டிருப்பார் என்பது என் திடமான நம்பிக்கை: "ஏம்ப்பா, வரி கட்டாட்டி அடைக்கறதுக்கு ஜெயிலு, அதைக் கட்டறதுக்கும் நாமதான் வரி குடுக்கணுமா?" பக்கத்து ஆள் பதில் சொல்லாமல் குடையைப் பார்த்திருப்பார்.

பிறகு நடந்ததுதான் அழகு. இந்தத் தடவை யாரும் கடையை அடைக்கவில்லை. மேயருக்கு வணக்கம் வைத்தார்கள், ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தார்கள், வழக்கு இருந்தால் மேயர் கோர்ட்டுக்குப் போனார்கள். வரியை மட்டும் கட்டவில்லை. நம் ஆளே உட்கார்ந்து போட்ட வரி என்பதற்காக அது இனித்துவிடவில்லை. ஐந்து ஷில்லிங் கனவு லண்டனோடு நின்றது. சாசனத்துக்குச் சம்மதம் சொன்ன ஜேம்ஸ் ராஜாவும் ஊர்வலம் நடந்து மூன்றே மாதத்தில் நாட்டைவிட்டு பிரான்ஸுக்கு ஓடினார், அது தனிக் கதை. 1692-இல் யேலின் நாற்காலி போய், அதே ஹிக்கின்சன் கவர்னரானார். யேல் இங்கே சேர்த்த சொத்தோடு ஊர் திரும்பி, 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் கொஞ்சம் புத்தகமும் ஒரு படமும் கொடுத்து, அதற்குத் தன் பெயரை வைக்க வைத்துவிட்டார். கல்வெட்டில் பெயர் பொறிக்க இவ்வளவு மலிவாக யாருக்கும் முடிந்ததில்லை.

"அதெல்லாம் மெட்ராஸ் கத. அப்போ நம்மூரு?" என்றார் மாமா. மண்டி மறந்துவிட்டது.

நம்மூருக்கும் அதே சமயம் புது ஆட்சிதான். மைசூரின் சிக்கதேவராஜ உடையார் 1687-இல் பெங்களூரை மூன்று லட்சத்துக்கு வாங்கிவிட்டு, அடுத்த ஓரிரு வருஷங்களில் தருமபுரி, காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் கை வைத்தார். மெட்ராஸில் செங்கோலை அளந்துகொண்டிருந்தபோது பாரா மகால் என்று அழைக்கப்பட்ட எங்கள் பகுதியில் மைசூர்க் கொடி ஏறிக்கொண்டிருந்தது. அவர் சாஸ்திரம் தெரிந்த மனிதர். விளைச்சலில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கேட்பது பாவம் என்று ஆறில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். பாக்கியை எப்படிச் சரிக்கட்டுவது? சின்னச் சின்னதாக உபரி வரிகள். வைக்கோலுக்கு, வீட்டுக்கு, தறிக்கு, கல்யாணத்துக்கு. தினமும் காலையில் ஆயிரம் வராகன் வைத்த இரண்டு பைகள் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பல்லில் பச்சைத் தண்ணீர் படும் என்று ஒரு கதை. நவகோடி நாராயணன் என்று பட்டப்பெயரும் கிடைத்தது.

மெட்ராஸ்காரனுக்கு மேயர், பேச்சு, குடை, ஊர்வலம், பிறகு வரி. எங்களுக்கு நேரடியாக வரி. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழி புழங்கும் ஊர் இது. வரியைத் திட்ட மூன்றும் போதாமல் போன காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1792-இல் திப்புவிடமிருந்து பாரா மகால் கம்பெனி கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ. மன்றோ தருமபுரியில் வருஷக்கணக்கில் இருந்தார், தோட்டம் போட்டார், வயல் வயலாக நடந்து நிலத்தை அளந்தார். பேசியதைவிடக் கேட்டது அதிகம் என்று இந்தப் பக்கம் அவருக்கு நல்ல பெயர். ஆனால் அளந்தது எதற்கு என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது, வரிக்குத்தான். பின்னால் மெட்ராஸ் கவர்னரானார். அங்கே இப்போதும் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார், கால் வைக்க அங்கவடி இல்லாமல். ஆல்டர்மேன்களின் குதிரைக்கு லண்டன் சேணம் கேட்ட அதே ஊரில்!

மேயர் பதவியும் நிலைக்கவில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் சாசனம் செத்தது, மீண்டும் உயிர் பெற்றது, பிறகு மறுபடி மறைந்தது. வெகுகாலம் தலைவர் என்ற பெயரில் ஓடி, 1933-இல்தான் மேயர் என்ற பட்டம் திரும்பியது. திரும்பிய பட்டத்தை முதலில் சூடியவர் முத்தையா செட்டியார். 1939-இல் சத்தியமூர்த்தி வந்தார். அவர் பேச ஆரம்பித்தால் எதிரிகூட எழுந்து போகமாட்டான் என்று பெயர். அந்த மனுஷன் பேச்சோடு நிற்காமல் பூண்டியில் ஏரி கட்ட வைத்தார். 1940-இல் அடிக்கல், 1944-இல் திறப்பு. இடையில் 1943-இல் அவர் போய்விட்டார். சொன்னதைச் செய்த மேயருக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. இதை வைத்துக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை, மேலே போகிறேன்.

1973-இல் மஸ்டர் ரோல் ஊழல், அதாவது வேலைக்கு வராத ஆட்களுக்கு வருகைப் பதிவு போட்டுச் சம்பளம் எடுத்த விவகாரம், வெடித்தது. மாநகராட்சி மன்றத்தையே கலைத்தார்கள். 1996 வரை, இருபத்து மூன்று வருஷம் சென்னைக்கு மேயர் இல்லை. அதிகாரிகள்தான் ஓட்டினார்கள். அந்த இருபத்து மூன்று வருஷமும் குப்பை முன்போலவே பாதி அள்ளப்பட்டது, வரி முழுசாகக் கேட்கப்பட்டது. பிறகு நேரடித் தேர்தல் வந்தது, மு.க. ஸ்டாலின் மேயரானார், சிங்காரச் சென்னை என்று பேச்சு தொடங்கியது, மேம்பாலங்கள் எழுந்தன. பாலத்துக்குமேல் போனவர்கள் ஒரு மாதிரியும் கீழே டிராஃபிக்கில் நின்றவர்கள் ஒரு மாதிரியும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போது காலம் இன்னும் தலைகீழ். மாநகராட்சியைச் சுற்றி இருக்கிற ஊராட்சிகளை அதோடு சேர்க்கப் போகிறோம், உங்களுக்கும் மேயர் உண்டு என்று அரசாங்கம் சொன்னால், தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் பயந்து ஓடுகிறார்கள். சேர்த்தால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கிறது. எங்களுக்கு மேயர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மனு அது. முகவரிக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், போன வருஷத்து வீட்டு வரி ரசீதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.