‘ரைட்’ என்னும் உந்துசொல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

முன்னோக்கித் தள்ளும் இயல்புடையதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ப்ரொபல்சிவ்’ என்றொரு அடைமொழி உண்டு. லத்தீன் குடியில் பிறந்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகத்தின் பெயரில் அதன் பங்காளிச் சொல் இருக்கிறது. ஆயினும் அதை எவ்வளவு உரக்கக் கத்தினாலும் ஒரு கட்டைவண்டிகூட அசையாது. தமிழ்நாட்டில் வண்டியை நகர்த்த வல்ல ஆங்கில அடைமொழி ‘ரைட்’ ஒன்றே.

பேருந்தை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே உந்து இருக்கிறது. உந்துவது எது என்பதுதான் வழக்கு. டீசல் என்பர் பொறியியலார். டீசல் நிரம்பி, ஓட்டுநர் அமர்ந்து, என்ஜின் உறுமியபடியே வண்டி கால் மணி நேரம் நிற்பதை அவர்கள் பார்த்ததில்லை போலும். கண்டக்டர் ‘போலாம்’ என்றாலும் போகாது. ஓட்டுநர் அதை ஓர் அபிப்பிராயமாகவே கொள்கிறார். ‘ரைட்’ விழுந்தால்தான் கியர் விழும்.

இலக்கணத்தார் இங்கே திணறுவர். பெயரடைக்குப் பின் பெயர் வரவேண்டும். ரைட்டுக்குப் பின் புகைதான் வருகிறது. ஆகவே இது அடை வேடமிட்ட ஏவல் வினை. ‘ரைட் ரைட்’ என்பது விரைவு பற்றி வந்த அடுக்குத்தொடர். ஒரு சொல் நான்கு வரை அடுக்கலாம் என்கிறது நன்னூல். பின்னால் தனியார் வண்டி வருகிறபோது கண்டக்டர்கள் இந்த வரம்பை மதிப்பதில்லை.

‘ரைட்’ என்றால் வலம். பிறகு இடப்பக்கம் திரும்பும் வண்டிக்கும் ஏன் அதே சொல் என்று ஒரு மாணவர் தடை எழுப்பினார். நல்ல தடை. விடை வேரில் இருக்கிறது. ‘ரிஹ்ட்’ என்ற பழைய ஆங்கில வடிவத்துக்கு நேரானது, நியாயமானது என்பவையே பொருள். வலப்பக்கம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய வேருக்கு நேர்க்கோட்டில் செல்லுதல் என்று பொருள் சொல்கிறார்கள் மொழியியலார். ஆங்கிலேயர் தொலைத்த பொருளை நம் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி காப்பாற்றி வருகிறார். பிரிட்டனில் ரயில் கார்டு வண்டியை எடுக்கச் சொல்லும் ‘ரைட் அவே’ என்ற குரலே இங்கே வால் அறுந்து வந்தது என்பது எம் துணிபு.

இரண்டு விசிலும் இதே வேலையைச் செய்யும். கேரளத்தில் இரட்டை மணி. அவை ஒலிக்குறிப்புகள், நம் ஆய்வுக்குப் புறம்பு.

சொல்லின் ஆற்றல் சொல்பவரைப் பொறுத்ததா என்று அறிய, ஒருநாள் பின்படிக்கட்டில் நின்று நானே ‘ரைட்’ என்றேன். வண்டி கிளம்பிவிட்டது. கண்டக்டர் நேரக்காப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இருநூறு அடி ஓடிவந்து ஏறியவர் என்னை விளித்த அடைமொழிகள் வேறொரு கட்டுரைக்கு உரியவை. வாசகர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்க வேண்டாம்.