பத்து மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி

ஏர் ரைஃபிள் சுடுதல் என்பது பத்து மீட்டருக்கு அப்பால் தொங்கும் அட்டையில் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைப் பதிக்கும் விளையாட்டு. இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குறைந்த ஆற்றல் கொண்ட இவ்வகைக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே வாரம் முழுக்கக் கணினி முன் கூன் விழுந்தவரும் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்து வீரராக முயலலாம்.

இந்த வகுப்பு நடக்கும் சென்னையின் மேற்குப் புறநகருக்கு ஆயுதம் புதிதல்ல. விஜயந்தா முதல் அர்ஜுன் வரை பல டாங்கிகள் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானவை. பக்கத்து ஆலமாதியில் காவல்துறையின் சுடுதளம் இருக்கிறது. டாங்கி செய்கிற ஊர்க்காரருக்கு அரை கிராம் குண்டு எம்மாத்திரம் என்ற நினைப்பில்தான் மாணவர் வகுப்புக்கு வருகிறார். மெரினாவில் பலூன் சுட்ட அனுபவமும் அவருக்கு உண்டு. பலூன் பெரியது; பக்கத்திலேயே இன்னும் நாற்பது பலூன்கள் இருப்பதால் எதைக் குறிபார்த்தோம் என்பதைச் சுட்ட பிறகு முடிவு செய்துகொள்ளலாம். அட்டையில் அந்த வசதி இல்லை. பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அம்பத்தூர் தொழிற்பேட்டை லேத்தில் அரை மில்லி பிசகினால் அந்த உருப்படி குப்பைக்குப் போகும். சுடுதளத்தில் அந்த அரை மில்லியைத் தொட்டுவிட்டால் கைதட்டல்.

முதல் பாடம் பாதுகாப்பு. துப்பாக்கியின் வாய் எப்போதும் அட்டையின் திசையிலேயே இருக்க வேண்டும். கட்டளை வரும்வரை குண்டு போடக்கூடாது. விரல் விசையருகே போகக்கூடாது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் துப்பாக்கியோடு திரும்பக்கூடாது. செல்ஃபி ஆசை உள்ளவர்களுக்கு இந்த விதி தனியாக ஒருமுறை சொல்லப்படும். குண்டு ஈயம் என்பதால் கை கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது. இடைவேளையில் வாசலில் பஜ்ஜி வாசனை வரும்போது அதிகம் சோதிக்கப்படும் விதி இதுதான்.

இரண்டாவது, நிற்பது. போட்டித் துப்பாக்கி ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அதைத் தசை தாங்கக்கூடாது, எலும்பு தாங்க வேண்டும். வலக்கைக்காரர் தமது இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக்கொள்வார். நடுவயது மாணவர் பலருக்கு முழங்கை ஊன்றத் தொந்தியில் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனால் பயிற்சியாளர் கேட்பது இடுப்பெலும்பை. அது எங்கே போயிற்று என்று தேடுவதில் சனிக்கிழமை காலை கழிகிறது. உடல் ஆடாமல் பிடித்து வைக்கத் தடித்த கான்வாஸ் கோட்டும் உண்டு. சென்னை வெயிலில் அதன் பயனை ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பார்ப்பது. பின்குறியின் சிறு துளை, முன்குறியின் வளையம், அட்டையின் கறுப்பு வட்டம் ஆகிய மூன்றும் ஒரே மையத்தில் அமைய வேண்டும். கண் முன்குறியில் நிலைக்க, அட்டை சற்று மங்கலாகத் தெரியும். சுட வந்த பொருளைத் தெளிவாகப் பார்க்காதே என்று சொல்லித்தரும் கலை இது ஒன்றுதான். மாணவர் அட்டையையே முறைப்பார். அது அசைவதில்லை.

நான்காவது, மூச்சு. இழுத்து, பாதி விட்டு, சில விநாடி நிறுத்தி, அதற்குள் சுட வேண்டும். இதயத் துடிப்பே குழல் முனையை ஆட்டிவிடும் என்பதால் வகுப்புக்கு முன் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி உதவாது. மூச்சை நிறுத்திய நொடியில்தான் கொரட்டூர் கொசு காதருகே வரும். அப்போது சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே முறை. சென்னை-திருவள்ளூர் (சி.டி.எச்.) சாலையில் ஹாரன் அடித்துப் பழகியவருக்கு இந்தப் பின்வாங்கல் பெரிய தவம்.

ஐந்தாவது, விசை. அதை வெடுக்கென்று இழுக்காமல், விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். குண்டு போன பிறகும் அதே நிலையில் ஓரிரு விநாடி நிற்க வேண்டும். எங்கே பட்டது என்று உடனே எட்டிப் பார்ப்பவரின் குண்டு பெரும்பாலும் பக்கத்துக்காரர் அட்டையில் இருக்கும். போட்டியில் அது சுட்டவருக்குப் பூஜ்யம்.

கடைசியாக மதிப்பெண். சர்வதேசத் தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். ஒன்றுக்கு அதிகபட்சம் 10.9. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இந்த ஏர் ரைஃபிள் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே பிரிவுக்காரர். வாரயிறுதி மாணவரிடம் கேட்கப்படுவது பத்து அல்ல, ஒற்றுமை. ஐந்து குண்டும் ஓரத்தில் ஒரே இடத்தில் குவிந்தால் பாராட்டு. குறியின் திருகைத் திருப்பினால் அந்தக் குவியலை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒன்று நடுவிலும் நான்கு நாலா திசையிலும் போனால் திருகுவதற்குத் துப்பாக்கியில் எதுவும் இல்லை; திருத்த வேண்டியது ஆளை.

இரண்டு நாளில் ஒருவர் குறிதவறாத வீரராகிவிட முடியாது. துப்பாக்கியைப் பத்திரமாகப் பிடிக்கவும், வாயை மூடிக்கொண்டு அசையாமல் நிற்கவும் கற்றுக்கொள்ளலாம். கட்டணத்துக்கு அதுவே லாபம்.