எத்தனை கரட்? லண்டனிலிருந்து ஒரு விளக்கம்

லண்டன்

வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மா அவர்களுக்குப் பெறாமகன் எழுதிக்கொள்வது.

கொட்டாஞ்சேனையில் நடக்கவிருக்கும் மோதிரம் மாற்றும் வைபவத்துக்கு வாங்கப்படும் வைரம் எத்தனை கரட் என்று பெரியம்மா தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு வெறும் எண்ணொன்றை விடையாகத் தருவது அறிவுடைமை ஆகாது என்று கருதும் பெறாமகன், அவ்விடயத்தை இங்கே முறைப்படி ஆராய முற்படுகிறார். ஆய்வு நடந்த களம் ஹற்றன் கார்டன் எனப்படும் லண்டன் நகைக்கடைத் தெருவாகும். மலையகத்து ஹற்றனுக்கும் அதற்கும் பெயரொன்றைத் தவிர வேறு உறவில்லை, தேநீரும் அங்கே சுமார்தான்.

கரட் என்பது கல்லின் பருமனன்று, 200 மில்லிகிராம் நிறையாகும். ஒரு கரட் நிறையுள்ள வட்டக் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றர் என்றால், 0.92 கரட் கல் அதனினும் கால் மில்லிமீற்றர்கூடக் குறையாது. ஆயினும் ஒன்று என்ற முழு எண்ணைத் தொட்டவுடன் விலை படியேறிவிடுவதால், அந்தப் படிக்குச் சற்றுக் கீழே நின்று வாங்குவதே புத்திசாலித்தனம் எனப் பெறாமகன் முடிவுசெய்து 0.92 கரட் கல்லைத் தெரிந்தெடுத்திருக்கிறார். பெண் வீட்டார் கேட்கும்போது பெரியம்மா அதை ஒரு கரட் என்று சொல்லிவைத்தால் அவர் மறுக்கப்போவதில்லை.

மிச்சம்பிடித்த பணம் வெட்டுக்குப் போயிற்று. வெட்டு என்பது வடிவமன்று; பட்டைகள் ஒன்றுக்கொன்று எக்கோணத்தில் தீட்டப்பட்டுள்ளன என்பதே அது. மார்செல் டொல்கொவ்ஸ்கி 1919இல் லண்டனில் வெளியிட்ட நூலொன்றில், மேலே விழும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டு மீண்டும் மேலேயே திரும்புவதற்கு வேண்டிய கோணங்களைக் கணித்துக் காட்டினார். அக்கணக்குத் தவறிய கல்லில் ஒளி அடிவழியே ஒழுகிவிடும். நிறையைக் கூட்டிக் காட்டும் ஆசையில் அடிப்புறத்தை ஆழமாக விட்டுவைக்கும் தீட்டுநரும் உண்டு என்பதால், கரட்டை மட்டும் கேட்பவர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிவயிற்றுக்கே காசு கொடுக்கிறார். வெட்டு எப்படி என்பதே பெரியம்மா கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நிறத்தை அமெரிக்க இரத்தினக்கல் ஆய்வுநிறுவனம் டி முதல் இசட் வரையான எழுத்துகளால் தரப்படுத்துகிறது. ஏ, பி, சி என்பன முந்தைய குழப்பமான முறைகளில் தேய்ந்துபோனமையால் அது டியில் தொடங்கியதாம். சாதாரண தரப் பரீட்சையில் டி என்பதே உச்சப் பெறுபேறாக இருந்த காலத்தவரான பெரியம்மாவுக்கு இதில் வியப்பிராது. மோதிரம் மஞ்சள் தங்கத்தில் அமையுமாதலால், கல்லின் மெல்லிய மஞ்சள் சாயை அதில் கலந்து மறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் எச் தரமே போதுமெனக் கொள்ளப்பட்டது.

தெளிவு எனப்படும் உட்குறைகளின் கணக்கை வெள்ளையர் கண்டுபிடித்ததாக ஹற்றன் கார்டன் விற்பனையாளர் பெருமைப்பட்டபோது, பெறாமகன் பொறுமையிழந்தார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய நான்கு குற்றங்களும் நீங்கிய வைரத்தைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கடைத்தெருவில் காட்டுகிறது. அவை முறையே காக்கைக்கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என்பன. விற்பனையாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்; விலையில் ஒரு பவுணும் குறைக்கவில்லை.

நீலமே வாங்கலாமே என்ற யோசனையும் எழுந்தது. வைரம் விளையாத இலங்கையில் நீலம் விளைகிறது. 1981இல் டயானா அணிந்த 12 கரட் நிச்சயதார்த்த நீலக்கல் இலங்கையினது என்பதை இங்குள்ளோர் அறிவர். ஆனால் நீலம் சனியின் கல், சாதகம் பாராமல் தொடக்கூடாது என்ற பெரியம்மாவின் கட்சிக்கு 1996இல் நிகழ்ந்த விவாகரத்து வலுச்சேர்த்துவிடும் என்பதால் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் வேதியியலில் அசல் வைரமே, விலையோ மிகக் குறைவு. கொட்டாஞ்சேனைக்கு அதை விளங்கப்படுத்தும் பொறுப்பை ஏற்க ஒருவரும் முன்வரவில்லை.

செய்கூலி கருதி மோதிரம் கொழும்புச் செட்டியார் தெருவிலேயே கட்டப்படும். பத்தர் கல்லை மாற்றிவிடுவாரோ என்ற நம் குடும்பத்தின் பரம்பரை அச்சத்துக்கு மருந்தாக, கல்லின் இடைவிளிம்பில் சான்றிதழின் இலக்கம் லேசரால் பொறிக்கப்பட்டுள்ளது; பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் அதைப் படிக்கலாம். அதே கண்ணாடியில் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால், கையில் இருப்பது வைரமன்று, முற்காலத்தில் மாத்தறை வைரம் என்ற பெயரில் விற்கப்பட்ட நிறமற்ற சிர்க்கோன் போன்ற வேறொரு கல் எனக் கொள்க. கல்லைக் கவ்வும் கால்கள் அந்த இலக்கத்தை மூடாதபடி பத்தரிடம் முதலிலேயே சொல்லிவைக்கவும். அவர் குளிர்பானம் வரவழைத்தால் குடிக்கலாம்; கண் மட்டும் கல்லைவிட்டு அகலக்கூடாது.

இப்படிக்கு,
அன்புள்ள பெறாமகன்