கேளுங்க, சொல்றேன்: கிழங்கு ஸ்பெஷல்

● பார்மகாக்னசி என்று ஒரு படிப்பாமே, அதில் என்ன சொல்லித் தருகிறார்கள்?
(உறையூர் வாசகர்)

எந்தச் செடி, எந்த உறுப்பு, உள்ளே என்ன சத்து, கலப்படம் உண்டா? இந்த நாலுக்கும் விடை தெரிந்த பிறகுதான் உரலில் கை வைக்கணும் என்று.

● நம் பக்கத்துச் சரக்கு ஒன்று சொல்லுங்களேன்?
(தில்லைநகர் வாசகி)

செங்காந்தள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ எல்லாம் ஒருத்திதான். பூ நம் மாநில மலர். கிழங்கோ கொடிய விஷம். மண்ணுக்கு மேலே மரியாதை, கீழே மரணம்!

● விஷத்துக்குப் பெயர் உண்டா?
(லால்குடி வாசகர்)

கால்சிசின் என்ற ஆல்கலாய்டு. ஐரோப்பாவின் கால்சிகம் செடியிலிருந்து 1820-ல் பெல்லெத்தியே, கவெந்தூ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான குவினைனும் அதே ஆண்டு, அதே ஜோடி. நமக்கு ஒரு வருஷத்தில் பரணை ஒழிக்கவே முடியவில்லை.

● 'கவுட்' மூட்டுவலிக்கு அதே கால்சிசின்தானே மாத்திரை? கிழங்கையே அரைத்துக் குடித்தால் செலவு மிச்சமே!
(காந்தி மார்க்கெட் வாசகர்)

மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கிழங்கில் எவ்வளவு என்று கிழங்குக்கே தெரியாது. சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. அடுத்து சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை. பிழைத்தவருக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். சமயபுரத்துக்கு வேண்டிக்கொள்ளாமலே மொட்டை!

● பார்த்ததும் அடையாளம் தெரியுமா?
(துறையூர் வாசகர்)

கலப்பை வடிவில் வளைந்த கிழங்கு, நுனி சுருண்டு கொம்பைப் பற்றும் இலை. முறையாகக் கற்க ஆசையா? திருச்சி புனித வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ பாதிரியார் 1967-ல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. உலர்ந்த செடிகள் அங்கே பாடம் நடத்தும். மாணவர்தான் தேவை.

● விஷச்செடியை விவசாயம் செய்கிறார்களே, ஏன்?
(ஜெயங்கொண்டம் வாசகி)

விதைக்காக. கிழங்கைவிட விதையில் கால்சிசின் அதிகம், வெளிநாட்டுக்கும் போகிறது. சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி மடிந்து நிற்பதால், ஆட்கள் பூப்பூவாகத் தொட்டுச் சேர்த்து வைக்கிறார்கள். கமிஷன் வாங்காத கல்யாணத் தரகர்கள்!

● விதையில்லாத் தர்பூசணிக்கும் இதற்கும் உறவாமே?
(கே.கே. நகர் வாசகர்)

உண்டு. செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் நுண்குழல்களைக் கால்சிசின் கட்டவிடாது. குரோமோசோம் இரட்டிக்கும். அதை 1937-ல் காட்டியவர்கள் பிளேக்ஸ்லீ, ஏவரி. இரட்டித்த செடியைச் சாதாரணச் செடியோடு கலந்து, கிடைத்த விதையை நட்டால் காய்ப்பது விதையில்லாப் பழம். அதில் விஷம் இல்லை, தைரியமாகக் கடியுங்கள்.

● அந்தக் காலத்தில் எல்லாம் கைவைத்தியம்தானே?
(ஸ்ரீரங்கம் வாசகர்)

உங்கள் ஊர்க் கோயிலுக்குள்ளேயே ஆரோக்கியசாலை இருந்தது. கருடவாகன பட்டர் அதைச் செப்பனிட்டுத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. பெருமாள் சன்னிதியிலேயே வைத்தியம் வைத்தியரிடம்தான். நீங்கள் வாட்ஸ்அப்பை நம்பி மண்வெட்டி எடுக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சக் கிழங்கையும் டாக்டரிடம் காட்டுங்கள்.